விதி என்று விட்டுவிடலாமா?

வேலை இடத்தில் அடிபட்டவருக்குக் கிடைக்கும் இழப்பீடு தர்மமா, கடனா? இது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் நம்ம வீட்டு வாசலிலேயே இதற்குப் பதில் சொல்லப்படுகிறது, பெரும்பாலும் தவறாக.

எங்கள் தாமானில் ஒரு மாமா. தகடு அழுத்தும் மெஷினில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியது; தீபாவளிக்கு ஓர் அங்பாவும் கொடுத்தது. சொக்சோவுக்கு மனுவே போகவில்லை. கேட்டால், "நான்தான் கவனமா இருந்திருக்கணும் தம்பி, எல்லாம் என் கர்மா" என்கிறார். அத்தையோ, "இவ்வளவு செஞ்ச மொதலாளிகிட்ட இன்னும் போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்கிறார்.

இதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன: தப்பு என்னுடையது, கேட்பது நன்றிகெட்ட செயல், இது கர்மா. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில், முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளிதான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். 'உன் கவனக்குறைவும் இருக்கிறது', 'சக தொழிலாளிதான் காரணம்', 'ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்' என்று சொல்லி முதலாளிகள் தப்பித்துக்கொண்டார்கள். ஜெர்மனி 1884-இலும் பிரிட்டன் 1897-இலும் சட்டம் போட்டு இந்த நிலையை மாற்றின. நமது 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்ததா என்பதுதான் அதற்கு முக்கியம். வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும்.

இது நியாயம்தானா? பொறியியல் படிக்கும் எனக்கு நியாயமாகவே படுகிறது. மனிதன் களைப்பான், கவனம் சிதறும் என்று தெரிந்துதான் மெஷினை வடிவமைக்க வேண்டும் என்று படிக்கிறோம். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்தான் அச்சு இறங்கும்படி செய்வது அதற்காகத்தான். கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்கியது என்றால், கவனம் தவறிய மனிதனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தகட்டால் லாபம் அடைபவர்கள் பலர். அதன் ஆபத்தை மட்டும் ஒருவர் தலையில் கட்டுவது எப்படிச் சரியாகும்?

அடுத்து, நன்றி. அறுபது வயதுக்குட்பட்ட தொழிலாளிக்காக முதலாளி சம்பளத்தில் சுமார் 1.75 விழுக்காடும், தொழிலாளி 0.5 விழுக்காடும் மாதாமாதம் சொக்சோவுக்குக் கட்டுகிறார்கள். மனு செய்தால் பணம் அந்த நிதியிலிருந்துதான் வரும், முதலாளியின் பையிலிருந்து அல்ல. விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. நிரந்தர ஊனம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் வாழ்நாள் முழுக்க மாதாந்திரப் பணம் உண்டு. அங்பாவ் கொடுப்பவரின் மனசைப் பொறுத்தது, இது அப்படியில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 31-ஆம் பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளி வேலை விபத்துக்காக முதலாளி மீது வழக்குப் போட முடியாது. வழக்குப் போடும் உரிமையும் இல்லை, மனுவும் போடவில்லை என்றால் மாமாவுக்கு மிஞ்சுவது அங்பாவ் மட்டும்தான்.

கடைசியாக, கர்மா. இதைத்தான் இந்து இளைஞர்கள் நாம் யோசிக்க வேண்டும். வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழைப் பேசினார். 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும் பேசினார். விதியை நம்பியவர் முயற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. அடிபட்டது அவருடைய வினைப்பயன் என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்கிறேன் என்பது என் வினை அல்லவா? கர்மா என்பது என்னை நானே கேட்டுக்கொள்ளும் கணக்கு. அடுத்தவர் காயத்தைப் பார்த்து 'அவன் விதி' என்று நகர்ந்துபோக அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இந்த நியாயம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2018 வரை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 1952-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் இருந்தது. 2019 ஜனவரியில்தான் அவர்கள் சொக்சோவுக்குள் வந்தார்கள். அதுவரை, அதே மெஷினில் அதே விரல் போனாலும் ஆளுக்கு ஒரு சட்டம். தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த வேதனை புரியாமல் இருக்க முடியாது.

விரலுக்கு விழுக்காடு போடலாம், விரலைத் திருப்பித் தர முடியாது. அதனால் பாதுகாப்பான வேலையிடம்தான் முதல் கடன். இழப்பீடு அதற்கு அடுத்ததுதான். ஆனால் அந்த இரண்டாவது கடன்கூடப் பலருக்கு வந்து சேர்வதில்லை, பாரம் நிரப்பத் தெரியாததால், கேட்கக் கூச்சப்படுவதால். நம் இயக்கத்தில் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர் இதைக் கற்றுக்கொண்டால் போதும். மருத்துவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, சாலை விபத்து என்றால் போலீஸ் புகாரும் வழி வரைபடமும் எடுத்துக்கொண்டு, பெரியவர்களோடு சொக்சோ அலுவலகம் வரை கூடப் போகலாம். அதுவும் ஒரு தொண்டுதான்.