எதிரொலியா, எதிர்மொழியா?

பலர் கூடி ஒரே குரலிற் பாடும்போது அக்குரல் எவருடையது? முன்னின்று பாடும் ஒருவருடையதா, கூடி நிற்கும் அனைவருடையதா? இவ்வினா பாட்டை மட்டும் பற்றியதன்று. சங்கம் வைத்து வாழும் நம் அனைவரையும் பற்றியது.

நமது பினாங்கில் வழங்கும் போரியா ஆட்டத்தில் தலைவர் ஒவ்வொரு செய்யுளாகப் பாட, குழுவினர் பல்லவியைத் திரும்பப் பாடி ஆடுவர். அவ்வொற்றுமையே அதன் இன்பம். பழைய கிரேக்கர் தம் நாடகங்களில் வேறொரு முறை கண்டனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரத்துச் சோபக்ளீஸின் நாடகங்களில் 15 பேர் கொண்ட குழு ஆடிப் பாடிற்று. அக்குழுப்பாட்டில் முதலில் வருவது ‘ஸ்ட்ரோபி’. திரும்புதல் என்பது பொருள். அடுத்து வருவது ‘அன்டிஸ்ட்ரோபி’, எதிர்த் திரும்புதல். இரண்டிற்கும் சந்தம் ஒன்றே, சொற்கள் வேறு. சிலவற்றில் தனிச் சந்தத்தோடு ‘எபோடு’ என்னும் முடிவுப்பாட்டும் உண்டு. அளவொத்த தாழிசைகள் அடுக்கி வந்து சுரிதகத்தால் முடியும் நம் ஒத்தாழிசைக் கலிப்பாவை அறிந்தார்க்கு இவ்வமைப்பு முற்றும் புதிதன்று.

இதில் ஓர் அறம் அடங்கியிருக்கக் காண்கிறோம். முற்பாட்டுக்கு எவ்வளவு இடமோ, எதிர்ப்பாட்டுக்கும் அவ்வளவே இடம். ஆயினும் பின்னது முன்னதைத் திருப்பிச் சொல்வதில்லை.

ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதுமா? சோபக்ளீஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் குழுவினர் தீப்ஸ் நகரத்து முதியோர். தடையை மீறி உடன்பிறந்தானை அடக்கம் செய்த ஆன்டிகனிக்கு அரசன் கிரியோன் மரணம் விதிக்கின்றான். இம்முதியோரும் தன் பக்கமே என்றும், அச்சமே அவர் நாவைக் கட்டிற்று என்றும் அவள் அவன் முகத்துக்கெதிரே கூறுகின்றாள். அவர்கள் அழகாகப் பாடுகின்றனர்; அவளை விடுவிக்கச் சொல்வதோ, குருட்டு நிமித்திகன் வந்து எச்சரித்த பின்னரே. அரசன் போய்ச் சேருமுன் அவள் உயிர் நீத்துவிட்டாள்.

நம் சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் தீநிமித்தம் கண்டு, கண்ணகி காணக் குரவையாடினர். கோவலன் கொலையுண்டதை அவர்கள் அறியார். அறியாமற் பாடினோர்மேற் பழியில்லை. அறிந்தும் நாவடங்கினோரை அவ்வாறு விடலாமோ?

எதிர்த்துப் பேசினால் ஒற்றுமை குலையும் என்பர் சிலர். எதிர்ப்பாட்டால் கிரேக்கர் பாட்டின் சந்தம் குலையவில்லை. அதனாலேயே அது நிறைவுற்றது. தோட்டத்துக் கோயிற் கூட்டத்திலும் நகரத்துச் சங்கத்திலும் கணக்கு வாசிக்கப்படும்போது, “சரி, சரி” என்னும் குரல்களுக்கிடையே ஒருவர் எழுந்து, “இது எப்படி?” என்று கேட்பாராயின், அவரை உட்காரச் சொல்லாதீர். தலைவருக்கு எவ்வளவு நேரம் செவிகொடுத்தோமோ, அவருக்கும் அவ்வளவு கொடுப்போம். அவர் சொல் தவறாயின் விடை கூறுவோம். சரியாயின், காலம் கடக்குமுன் கணக்கைத் திருத்துவோம்.