அட்டவணையைக் கிழித்தவன்

மூன்று வருஷங்களுக்கு முன் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது பொய்யா, மெய்யா என்ற வழக்கு என் மனத்துக்குள் இன்னும் தீர்ப்பாகாமல் கிடக்கிறது.

எனக்கு வேண்டிய ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அன்று மாலை வந்தார். கையில் ஒரு டி.வி.டி. தட்டு. அழித்துவிட்டுத் திரும்பவும் எழுதக்கூடிய ரகம். 2006-ல் அவர் பெண்ணின் நிச்சயதார்த்தத்தில் எடுத்த படம் அதில் இருந்தது. தாம்பூலம் மாற்றுகிற வேளையில் அண்ணன் தம்பிக்குள் ஏதோ நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்து, தம்பியாகிய இவர், கூடியிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் அண்ணனைப் பார்த்துச் சொல்லத் தகாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். படம் பிடித்தவன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. அப்புறம் சகோதரர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அண்ணன் காலமாகிவிட்டார்.

“இதை அடியோடு அழித்துக் கொடுங்கள், சார். வீட்டில் இது இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது” என்றார்.

கம்ப்யூட்டர் இரண்டு வழிகளைக் காட்டியது. ஒன்று விரைவாக அழிப்பது. மற்றது முழுமையாக அழிப்பது. முழுமையாக அழிக்க, தட்டு முழுவதையும் எழுதுகிற நேரம் பிடிக்கும். அவரோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் விரைவான வழியைத் தேர்ந்தேன். ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்தது.

“போய்விட்டதா?”

“போய்விட்டது” என்றேன். அதுதான் அந்த வார்த்தை.

இந்தத் தட்டுக்குள் நடப்பது வேடிக்கையான சமாசாரம். வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் முதலியவை கலந்த மெல்லிய படலம் ஒன்று உள்ளே இருக்கிறது. லேசர் ஒளி ஓர் இடத்தை உருகும்படி சுட்டுவிட்டு விலகினால், அந்த இடம் சடக்கென்று குளிர்ந்து, அணுக்கள் தாறுமாறாக உறைந்து நின்றுவிடும். அதுதான் எழுத்து. அழிப்பதற்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. உருகாத அளவுக்கு இதமாகச் சுட்டால் அணுக்கள் மறுபடி வரிசைக்கு வந்துவிடுகின்றன. இப்படி ஏறக்குறைய ஆயிரம் தடவை எழுதலாம், அழிக்கலாம் என்று சொல்லித்தான் இவற்றை விற்றார்கள்.

ஆனால் விரைவாக அழிக்கும்போது இந்த இதமான சூடு தட்டு முழுவதற்கும் கிடைப்பதில்லை. எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும் முன்பகுதி மட்டுமே போகிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு, புத்தகமே இல்லை என்று சாதிப்பது போல. சாதாரண இயந்திரத்துக்கு அது காலித் தட்டு. சொன்ன சொல்லோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நாம் “மறந்துவிட்டேன்” என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த ரகந்தான் என்று எனக்கு அபிப்பிராயம். சிறுவயதில் ஸ்லேட்டைக் கோவை இலை போட்டுத் தேய்ப்போம். ஈரம் காய்ந்ததும் பழைய கணக்கு மங்கலாக எட்டிப் பார்க்கும். வாத்தியாருக்கு அது போதும்!

ஆனால் அரைகுறையாக அழித்ததே உலகத்துக்கு உபகாரமான கதையும் உண்டு. ஆர்க்கிமிடீஸின் நூல்களைப் பத்தாம் நூற்றாண்டில் தோலில் பிரதி செய்திருந்தார்கள். 1229-ல் அந்தத் தோலைச் சுரண்டி, மேலே பிரார்த்தனைப் புத்தகம் எழுதிவிட்டார்கள். 1906-ல் ஹைபர்க் என்ற டேனிஷ் அறிஞர் பிரார்த்தனைகளுக்கு அடியில் பழைய கிரேக்க எழுத்துக்களைக் கண்டு படித்தார். வேறெங்கும் கிடைக்காத நூல் ஒன்றும் அதில் இருந்தது. நன்றாகச் சுரண்டியிருந்தால் அது போயே போயிருக்கும்.

ஆர்க்கிமிடீஸை யாரும் அனுமதி கேட்கவில்லை. இங்கேயோ உடையவரே அழிக்கச் சொல்லுகிறார். பின் எனக்கு என்ன சங்கடம் என்று கேட்பீர்கள்.

அழிக்குமுன் அந்தப் படத்தை ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தம்பி கத்துகிறார். அண்ணன் பதில் பேசவில்லை. முகம் ஒரு கணம் வாடுகிறது. பிறகு குனிந்து, தரையில் சிதறிய வெற்றிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டாரைப் பார்த்துச் சிரிக்க முயலுகிறார்.

அந்தச் சொல் தம்பியுடையது, சரி. அந்தப் பொறுமை யாருடையது? குற்றம் செய்தவர் தம் குற்றத்தின் பதிவை அழிக்கும்போது, குற்றத்தைத் தாங்கிக்கொண்டவரின் பெருமையும் சேர்ந்து அழிகிறதே, அதற்கு யாரிடம் உத்தரவு வாங்குவது? அண்ணி உயிரோடிருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முழுமையாக அழிக்காததற்கு என் சோம்பல்தான் காரணமா, இந்த எண்ணம் அப்போதே உள்ளே இருந்ததா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சோம்பலுக்குத் தர்மத்தின் வேஷம் போடுவது எழுத்தாளனுக்குக் கைவந்த கலை.

“உங்களுக்கு எதற்காவது உபயோகப்படும்” என்று சொல்லித் தட்டை என்னிடமே விட்டுப் போனார். அதில் நான் ஒன்றும் எழுதவில்லை. மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

போன மாதம் வந்திருந்தார். காபியை ஆற்றிக்கொண்டே, “அன்றைக்கு அண்ணா என்ன சட்டை போட்டிருந்தார் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரமாட்டேன் என்கிறது” என்றார்.

“வெள்ளைச் சட்டைதான்” என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.