விதைநெல்லை அவித்துவிடாதிருங்கள்!



போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடந்த நாட்களில், அம்மாபேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி தன் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். புருஷனை இழந்து நான்கு வருஷம். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கிற தாய். வந்தவர்கள் உட்காரக்கூட இல்லை.

“ஐயா, எம்புள்ளைக்கு ரெண்டு வருஷமா உதவித்தொகை வந்துக்கிட்டுதான் இருந்துச்சாம். எங்க கைக்கு ஒத்த ரூபா வரல. பேங்குல கேட்டா, ‘உங்க புள்ள பேர்ல வேற பேங்குல ஒரு கணக்கு இருக்கு, அதுலதான் ஏறியிருக்கு’ங்கிறாங்க. நாங்க அப்படி ஒரு கணக்கே தொடங்கலையே!”

தொடங்கியது யார்? விசாரித்தபோது தெரிந்தது. அந்நியன் அல்ல, பிள்ளையின் சொந்த சித்தப்பா! தகப்பன் இறந்த சமயத்தில், “உதவித்தொகைக்கு எழுதிப் போடுறேன்” என்று ஆதார் நகலை வாங்கினார். பதினாலு வயசுப் பிள்ளையை அழைத்துப்போய், “இதுல விரலை வை பாப்பா” என்றார். பிள்ளை வைத்தாள். கணக்கு பிள்ளையின் பேரில், கைபேசி எண் சித்தப்பாவுடையது, ஏ.டி.எம். அட்டை சித்தப்பாவின் சட்டைப் பையில்!

அரசாங்கப் பணம், ஆதார் எண் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே போகும். ஆகவே பூட்டை உடைக்காமல், சுவரேறிக் குதிக்காமல், ஒரு பிள்ளையின் பெயரே களவுபோயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாய் கேட்டார்கள்: “போலீசுக்குப் போனா குடும்ப மானம் போயிடும். கொழுந்தனாரை மன்னிச்சு விட்டுடலாம்னு பாக்குறேன். நீங்க என்ன ஐயா சொல்றீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் மூலையில் நின்ற அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “அம்மா மன்னிச்சுட்டாங்க. என்னைய யாரும் கேக்கலையே?”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெயர் யாருடையது?

சிந்தித்துப் பாருங்கள்! பிள்ளைக்குப் பெயர் வைப்பது நாம். பிறப்பைப் பதிவது நாம். ஆதார் எடுப்பது நாம். அதனால் அந்தப் பெயர் நம்முடையது ஆகிவிடுமா?

நம் காவிரிப் பாசன மண்ணில் எந்தக் குடியானவனைக் கேட்டாலும் சொல்லுவான்: வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டான். சாப்பாட்டு நெல்லை அவிக்கலாம். விதைநெல்லை அவித்தால் அது முளைக்காது. அது குதிரில் நம் வீட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் அது வருகிற பருவத்துக்குச் சொந்தம். பிள்ளையின் பெயரும் அப்படியே. அதற்கு நாம் காவல்காரர்; எஜமான்கள் அல்ல.

நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது. 2018 செப்டம்பர் 26-ல் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்சநீதிமன்றம், பிள்ளைக்கு ஆதார் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும், விரும்பினால் அதிலிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு என்றும் சொல்லிற்று. அதாவது, நாம் கொடுத்த சம்மதம்கூட இரவல் சம்மதம்தான்!

மன்னிப்பதும் மறைப்பதும் ஒன்றா?

தகப்பனின் கண் மங்கியிருந்த வேளையில், கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு அண்ணனாக நடித்த யாக்கோபின் கதை நமக்குப் புதியதல்ல. தகப்பன் தடவிப் பார்த்து நம்பினார். அன்றும் ஏமாற்றியது வீட்டு ஆள்தான். துணை நின்றதும் வீட்டு ஆள்தான். ஆனால் வருஷங்கள் கழித்து அவன் அண்ணனைச் சந்திக்கப் போனபோது வெறுங்கையாய்ப் போகவில்லையே! மந்தை மந்தையாய் முன்னே அனுப்பிவிட்டுப் போனான்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: “அம்மா, உங்களுக்குச் செய்த துரோகத்தை நீங்க மன்னிக்கலாம். உங்க மகளுக்குச் செய்ததை அவளுக்காக நீங்க மன்னிக்க முடியாது. மன்னிச்சாலும் அந்தக் கணக்கு திறந்தேதான் கிடக்கும். நாளைக்கு அதுல எவனோ ஒருத்தனோட திருட்டுப் பணம் ஏறுனா, போலீஸ் தேடி வர்றது யாரை? கொழுந்தனாரையா, புள்ளையையா?”

மன்னிப்பு மனுஷனை விடுதலையாக்கும். பொய்க் கணக்கை மூடாது. அதை நாம்தான் மூட வேண்டும்.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

1. வங்கியில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். கணக்கை முடக்கச் சொல்லி, ஆதாரைப் பிள்ளையின் சரியான கணக்கோடு மறுபடி இணைக்கச் சொல்லுங்கள். மனு பெற்றதற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

2. ஆதாரில் இருக்கும் கைபேசி எண் யாருடையது என்று பாருங்கள். வேறொருவருடையது என்றால் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு. விசாரிக்க 1947-ஐ அழைக்கலாம்.

3. பணமோசடி என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். பிறருடைய அடையாளத்தை மோசமாகப் பயன்படுத்துகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

4. பிள்ளையின் பேரில் கடன் இருக்கிறது என்று யாராவது மிரட்டினால் கலங்காதிருங்கள்! 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது. 1903-லேயே பிரிவி கவுன்சில் அதைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது. பிறப்புச் சான்றிதழின் நகலை வைத்து எழுதுங்கள். கடன் தகவல் நிறுவனங்களிடம் வருஷத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். பதினெட்டு முடிந்ததும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும் என்பது விதி.

முன்னமே காப்பது எப்படி?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் நிவாரணத்துக்காக எத்தனை நகல் கொடுத்தோம்! யாரிடம் கொடுத்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. ரேஷன் அட்டையில் நம் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதல்லவா? “எங்ககிட்ட என்ன இருக்கு, எவன் திருடப்போறான்?” என்று சொல்லாதிருங்கள்.

நகல் கொடுத்தால் அதன் குறுக்கே எதற்காக, என்றைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதார் போதுமென்றால் அதையே கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கெட்டுப்போன தாளை விட்டுவிட்டு வராதீர்கள். “உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க” என்று போன் வந்தால் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் நேரில் கேளுங்கள். பிள்ளைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகையைப் புதுப்பியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விரல் வைக்கச் சொன்னால் “எதுக்கு?” என்று கேட்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். பெரியவர்களைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அந்தச் சகோதரி மறுநாளே வங்கிக்குப் போனார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டது மகளும்தான். விஷயம் எழுத்துக்கு வந்தது என்று தெரிந்ததும் சித்தப்பா பாதிப் பணத்தைக் கொண்டுவந்தார்; மீதியைக் குறுவை அறுத்ததும் தருவதாகப் பெரியவர்கள் முன் எழுதிக் கொடுத்தார். அப்போதுதான் அந்தப் பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்து, “சரிங்க சித்தப்பா” என்றாள். அது அவள் கொடுத்த மன்னிப்பு. யாரும் அவளுக்காகக் கொடுத்தது அல்ல.

பிரியமான தாய்மாரே, தகப்பன்மாரே! உங்கள் வீட்டுக் குதிரில் இருக்கிற விதைநெல் பத்திரமாய் இருக்கிறதா? இன்று இரவே திறந்து பாருங்கள்!