கடைசி நாளின் நேர்மை

பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயிலும் நம் பிள்ளைகள் ‘ஆட்டக் கோட்பாடு’ என்றொரு பாடத்தைத் தொடக்கத்திலேயே சந்திக்கின்றனர். ஒருவர் செயலின் பயன் பிறர் செயலைப் பொறுத்திருக்கும்போது அறிவுடையார் எதைத் தேர்வர் என ஆராயும் கணிதம் அது. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் 1944-இல் வெளியிட்ட நூல் அதற்கு அடித்தளம் இட்டது.

அப்பாடத்தின் வாயிலில் நிற்பது ‘கைதியர் இக்கட்டு’. 1950-இல் பேராசிரியர் ஆல்பர்ட் டக்கர் அதற்குக் கதை வடிவம் தந்தார். கூட்டாகக் குற்றம் புரிந்த இருவரைத் தனித்தனியே வினவுகின்றனர். இருவரும் வாய் திறவாவிடின் ஆளுக்கு 1 ஆண்டுச் சிறை என்று கொள்வோம். ஒருவன் மட்டும் காட்டிக் கொடுத்தால் அவனுக்கு விடுதலை. மற்றவனுக்கு 10 ஆண்டு. இருவரும் காட்டிக் கொடுத்தால் ஆளுக்கு 5 ஆண்டு. மற்றவன் எது செய்யினும் காட்டிக் கொடுப்பதே தனக்கு ஆதாயம் என இருவரும் கணக்கிடுகின்றனர். 1 ஆண்டில் முடிந்திருக்க வேண்டிய சிறை 5 ஆண்டாகிறது.

அறிவு துரோகத்தைத்தான் போதிக்கிறதோ? அன்று. அதே இருவர் மீண்டும் மீண்டும் சந்திக்க நேரின் கணக்கு மாறும். ராபர்ட் ஆக்சல்ராட் இவ்வாட்டத்தைக் கணிப்பொறியில் போட்டியாக நடத்தி, முடிவுகளை 1980-இல் வெளியிட்டார். வென்றது அனட்டோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிக எளிய உத்தி: முதலில் ஒத்துழை; பின்னர் எதிரி முன்முறை செய்ததையே திரும்பச் செய். 62 பேர் கலந்துகொண்ட இரண்டாம் போட்டியிலும் அதுவே வென்றது.

ஆயினும் ஒரு முள் எஞ்சுகிறது. இது கடைசி ஆட்டம் என்று தெரிந்துவிட்டால், பின்விளைவுக்கு அஞ்ச வேண்டியதில்லை; அன்று ஏமாற்றுவதே இலாபம் என்கிறது கணக்கு.

பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்த நமக்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று. மொழி தெரியாத நாளிலும் நம்பிக் கடன் கொடுத்த மளிகைக்காரர் இருக்கிறார். மாதச் சீட்டை முதலிலேயே எடுத்துவிட்டு, எஞ்சிய தவணைகளைக் கட்ட வேண்டியவர்களாக நம்மில் சிலர் இருக்கிறோம். திடீரென மாற்றல் உத்தரவு வருகிறது. நாளை இவ்வூரில் நாம் இல்லை. நம்மைத் தேடி யாரும் வரப்போவதும் இல்லை. பாக்கியை ஏன் தீர்க்க வேண்டும்?

அடுத்து வரும் தமிழருக்கு அக்கடையில் கடன் கிடைக்க வேண்டுமே என்பது ஒரு விடை. நல்ல விடைதான், ஆயின் அதுவும் கணக்கே. ஆடுபவர் தனி மனிதர் அல்லர், சமூகம் என்று கொண்டு, ஆட்டத்தைச் சற்று நீட்டிக்கிறோம், அவ்வளவே. கடைக்காரர் நம்மை அடியோடு மறந்துவிடுவார் என்று உறுதியாகத் தெரிந்தாலும் பாக்கி பாக்கியே அன்றோ? அவர் கொடுத்த அரிசியை நாம் உண்டோம் என்ற உண்மையை எந்த இரயிலும் பின்னே விட்டுச் செல்லாது.

எனவே பிள்ளைகள் இக்கோட்பாட்டை நன்கு கற்கட்டும். நேர்மையாளர் நட்டப்படாதவாறு சங்கங்களையும் சட்டங்களையும் அமைக்க அது துணை செய்யும். கடைசி நாளுக்குரிய பாடத்தை மட்டும் நாம்தான் கற்பிக்க வேண்டும். மூட்டை கட்டிய பின்னும் கடைத்தெரு வரை நடந்து சென்று கணக்கை முடித்துவிட்டு வரும் பெற்றோரைப் பார்த்தே பிள்ளைகள் அதைக் கற்கின்றனர்.