பார்வோனுக்குக் கை கொடுக்காத மருத்துவச்சிகள்

வேதபகுதி: யாத்திராகமம் 1:15-21

 

இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தில் பலுகிப் பெருகினதைப் பார்வோனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செங்கல் வேலையிலும் வயல் வேலையிலும் போட்டுக் கசக்கிப் பிழிந்தான். அப்பவும் அவர்கள் பெருகினார்கள். கடைசியில் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு எபிரெய மருத்துவச்சிகளைக் கூப்பிட்டான். பிறக்கிறது ஆண்பிள்ளையானால் அங்கேயே கதையை முடித்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டான்.

பார்வோனிடம் சேனை இருந்தது, இரதங்கள் இருந்தன, சிறைச்சாலை இருந்தது. ஆனாலும் பிரசவ அறைக்குள் அவனால் நுழைய முடியாது. அங்கே அவனுக்கு ஒரு மருத்துவச்சியின் கை தேவைப்பட்டது. தேவபிள்ளையே, இதைக் கவனி! சத்துரு எவ்வளவு பெரியவனாய் இருந்தாலும் தன் வேலையைச் செய்து முடிக்க அவனுக்கு மனுஷருடைய கை வேண்டும். அந்த இரண்டு பெண்கள் பட்டயம் எடுக்கவில்லை, அரண்மனைக்கு முன்னால் கோஷம் போடவில்லை. தேவனுக்குப் பயந்து, தங்கள் கையைக் கொடுக்க மறுத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

"பாஸ்டர், அதெல்லாம் மோசே காலத்துச் சங்கதிங்க. இந்தக் காலத்தில யாருங்க அப்படி நிக்கறாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் நின்ற இன்னொரு மருத்துவச்சியைப் பற்றி இன்றைக்குச் சொல்லுகிறேன். அவர் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மருமகள்.

மலேயாவில் ஒரு மருத்துவச்சி

1941-ம் வருஷம் டிசம்பர் 8-ம் தேதி ஜப்பானியப் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் விழுந்தது. பிழைப்புத் தேடி ரப்பர் தோட்டங்களுக்குப் போயிருந்த நம் தமிழ் ஜனங்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். சயாம்-பர்மா ரயில் பாதை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபருக்குள் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்டு முடித்தார்கள். அதில் 60,000-க்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகள் வேலை வாங்கப்பட்டு, 12,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் சுமார் 90,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் ஏராளமானோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவும் பசியும் அடியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. அநேகருக்குக் கல்லறை கூட இல்லை.

அந்த நாட்களில் ஈப்போ பட்டணத்தில் சிபில் கார்த்திகேசு என்ற சகோதரி இருந்தார். 1899-ல் சுமத்ராவில் மேடான் என்ற ஊரில் பிறந்தவர், ஐரோப்பிய-ஆசியக் கலப்புக் குடும்பம். நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். அவருடைய கணவர் டாக்டர் கார்த்திகேசு, இலங்கைத் தமிழ் வம்சத்தார். இருவருமாக ஈப்போவில் கிளினிக் நடத்தி வந்தார்கள். சிபில் அம்மாவுக்குக் கான்டனீஸ் சீனமொழி சரளமாக வரும். அதனால் சீன ஜனங்கள் அவரிடம் பிரியமாயிருந்தார்கள்.

ஜப்பானியர் வந்தபோது குடும்பம் பக்கத்திலிருந்த பாப்பான் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது. பிரதான வீதியில் 74-ம் நம்பர் வீடு. பகலில் பிரசவம், காய்ச்சல், புண் பார்ப்பார். இரவில் காட்டிலிருந்து காயம்பட்ட போராளிகள் ரகசியமாய் வருவார்கள். அவர்களுக்கும் கட்டுப்போட்டு மருந்து கொடுத்து அனுப்புவார். வீட்டில் ரகசியமாக ஒரு ரேடியோ வைத்து லண்டன் செய்தியைக் கேட்டு மற்றவர்களுக்கும் சொல்லுவார். அது கண்டுபிடிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து.

1943-ல் பிடிபட்டார். ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பெய்தாய் கையில் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. யார் யாருக்கு மருந்து கொடுத்தாய், பெயரைச் சொல் என்று வதைத்தார்கள். அவர் சொல்லவில்லை. கணவரையும் வளர்ப்பு மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பவும் சொல்லவில்லை. கடைசியில் அவருடைய சின்ன மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு வைப்போம் என்று மிரட்டினார்கள். தாய்மார்களே, யோசித்துப் பாருங்கள்! அப்பவும் அந்த நாவு காட்டிக்கொடுக்கவில்லை. தேவ கிருபையால் பிள்ளை உயிரோடு மீண்டது. சிபில் அம்மாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பத்து காஜா சிறையில் அடைத்தார்கள்.

அவர் ரோமன் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர். உபதேசத்தில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜெபத்தோடே அந்தச் சிறையில் நிலைத்து நின்ற ஒரு தாயின் சாட்சியைப் பார்த்து நாம் வெட்கப்படவும் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. மூன்று பாடங்களை முன்வைக்கிறேன்.

1. கையில் இருந்ததைக் கொண்டு நின்றார்

சிபில் அம்மாவிடம் துப்பாக்கி இல்லை. இருந்தது பஞ்சும் மருந்தும் கத்தரிக்கோலும்தான். எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசேயிடம் கர்த்தர் கேட்டது என்ன? உன் கையில் என்ன இருக்கிறது என்றுதானே! ஒரு ஆட்டுக்கோல் போதுமாயிருந்தது.

தீமையை எதிர்க்க நாம் பெரிய ஆளாக வேண்டும், பதவிக்கு வர வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். வேதம் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவச்சி தன் பிரசவ அறையில் நிற்க வேண்டும். கணக்கு எழுதுகிறவன் தன் கணக்குப் புத்தகத்தில் நிற்க வேண்டும். தராசு பிடிக்கிறவன் தன் தராசில் நிற்க வேண்டும். உன் கை எங்கே வேலை செய்கிறதோ அங்கேதான் உன் யுத்தகளம்.

"அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ரோமர் 13-ல் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மை. வரி கட்ட வேண்டும், சட்டத்தை மதிக்க வேண்டும். ஆனால் அதே அதிகாரத்தில் அதிகாரிகள் நன்மை செய்கிறதற்கென்று வைக்கப்பட்டவர்கள் என்றும் பவுல் எழுதுகிறார். பிள்ளையைக் கொல்லச் சொன்னால்? அடைக்கலம் தேடி வந்தவனைக் காட்டிக்கொடுக்கச் சொன்னால்? அப்பொழுது மனுஷரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் சொன்னது (அப். 5:29) நமக்குப் பதில்.

2. பலன் என்னவென்று தெரியாமலே நின்றார்

சிப்பிராள், பூவாளுடைய குடும்பங்களைத் தேவன் தழைக்கப்பண்ணினார் என்று வாசிக்கிறோம். அல்லேலூயா! ஆனால் சிபில் அம்மாவுக்கு என்ன நடந்தது? 1945-ல் யுத்தம் முடிந்து விடுதலையானபோது முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் மெடல் என்னும் வீரப்பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் சிறையில் பூட்ஸ் காலால் தாடையில் மிதிபட்ட காயம் பழையபடி நஞ்சாகி, 1948 ஜூன் 12-ல் ஸ்காட்லாந்தில் மரித்தார். வயது 48. மறு வருஷம் அவருடைய சரீரத்தை ஈப்போவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

பிரியமானவர்களே, நாம் அதிகமாகப் பேசாத சத்தியம் இது. நின்றால் உடனே அற்புதம், உடனே உயர்வு என்று மட்டும் பிரசங்கம் பண்ணிப் பழகிவிட்டோம். சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ன சொன்னார்கள்? எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், அப்படித் தப்புவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த "போனாலும்" என்ற வார்த்தையில்தான் விசுவாசத்தின் பெலன் இருக்கிறது. எபிரெயர் 11-ம் அதிகாரத்தில் சிங்கத்தின் வாயை அடைத்தவர்களும் இருக்கிறார்கள், வாளால் அறுப்புண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் ஒரே விசுவாசப் பட்டியலில்தான்!

3. தீமையைப் பகைக்க வேண்டும், மனுஷனை அல்ல

இந்தச் சரித்திரத்தைக் கேட்டு யாரும் ஜப்பான் தேசத்து ஜனங்கள்மேல் கசப்பு வைக்க வேண்டாம். நமக்கு மாம்சத்தோடும் இரத்தத்தோடும் போராட்டமில்லை என்று எபேசியர் 6-ல் படிக்கிறோம்.

கோரி டென்பூம் அம்மாளை உங்களில் அநேகர் அறிவீர்கள். ஹாலந்து தேசத்தில் ஹார்லெம் பட்டணத்துக் கடிகாரக் கடைக்காரரின் மகள். யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944 பிப்ரவரியில் குடும்பத்தோடு கைதானார். தகப்பனார் பத்தே நாளில் சிறையில் மரித்தார். அக்கா பெட்சி அந்த டிசம்பரில் ராவன்ஸ்புரூக் முகாமில் மரித்தார். யுத்தம் முடிந்து 1947-ல் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் கோரி அம்மாள் மன்னிப்பைக் குறித்துப் பேசி முடித்தபோது, அதே முகாமில் காவலாளியாயிருந்த ஒருவன் வந்து கையை நீட்டினான். அவருக்குக் கை எழும்பவில்லை. ஆண்டவரே, உதவி செய்யும் என்று உள்ளத்தில் ஜெபித்துத்தான் அந்தக் கையைப் பிடித்தார். தீமைக்குக் கொடுக்க மறுத்த கை, மன்னிப்புக்கு நீண்டது. இது ஆவியானவர் ஒருவரால் மட்டுமே முடியும்.

நம்ம ஊரில் பார்வோன் கேட்கிற கை

மலேயா தூரம், ஹாலந்து அதைவிடத் தூரம். நம்முடைய கொங்கு நாட்டுக்கு வருவோம்.

பார்வோன் ஆண்பிள்ளையைக் கொல்லச் சொன்னான். நம் பக்கத்தில் பெண்பிள்ளை அல்லவா சாகிறது! பெண்சிசுக்கொலை தாங்காமல்தான் 1992-ல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பித்தது. வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லக்கூடாது என்று 1994-ல் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2001 ஜனத்தொகைக் கணக்கில் சேலம், தர்மபுரி மாவட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண்பிள்ளைகளுக்கு 900 பெண்பிள்ளைகள் கூட இல்லை. "ரெண்டும் பொண்ணாப் போச்சுங்க, தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்குது, காசு குடுத்தாச் சொல்லீருவாங்க" என்று யாராவது காதில் சொன்னால், அது பார்வோனுடைய சத்தம். மாமியார்மாரே, உங்கள் மருமகளை அந்தப் படி ஏற்றாதேயுங்கள். நர்ஸ் வேலை பார்க்கிற சகோதரியே, உன் கை சிப்பிராளின் கையாயிருக்கட்டும்.

ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருக்கிற சகோதரனே, மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, காய்ச்சலோடு நைட் ஷிப்டில் நிறுத்தச் சொன்னால், அங்கே கேட்கப்படுகிறது உன் கைதான்.

சில கிராமத்து டீக்கடைகளில் ஒருத்தருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருத்தருக்குப் பேப்பர் கப். அந்தக் கடையில் நாமும் டீ குடித்துவிட்டுப் பேசாமல் வருகிறோம். "நமக்கெதுக்குங்க ஊர் வம்பு?" சரி, கடையை விடுங்கள். சபைக்குள் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறோம். சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வி, "அவிங்க எந்த ஆளுங்க?" இரண்டாவது கேள்வி, "எத்தனை பவுன் போடுவாங்க?" எழுப்புதலைத் தாரும் என்று விடிய விடிய ஜெபிக்கிறோம். சாதியையும் வரதட்சணையையும் பீடத்தண்டையில் வைத்துக்கொண்டு எழுப்புதல் எங்கேயிருந்து வரும்?

உன்னை யாரும் மரத்தில் தொங்கவிடப் போவதில்லை. சொந்தக்காரர் நாலு பேர் முகத்தைச் சுளிப்பார்கள், முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசுவார், ஒருவேளை வேலை போகலாம். அதற்கே நாம் கை கொடுத்துவிட்டால், பெரிய சோதனை வரும் நாளில் எப்படி நிற்போம்? எரேமியா 12:5-ஐ எடுத்து வாசியுங்கள். காலாளோடு ஓடியே இளைத்துப்போகிறவன் குதிரையோடு எப்படி ஓடுவான் என்று கர்த்தர் கேட்கிறார்.

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். குடும்ப ஜெபத்தில் யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தை வாசியுங்கள். உங்கள் இரண்டு கைகளையும் பாருங்கள். இந்தக் கையை யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று கர்த்தருடைய சமுகத்தில் யோசியுங்கள். மறுக்க வேண்டியதை மறுக்கத் தீர்மானம் பண்ணுங்கள். தனியாக நிற்கப் பயமாயிருந்தால் சபையில் ஒரு சகோதரனிடமோ சகோதரியிடமோ சொல்லி ஜெபியுங்கள். மருத்துவச்சிகளும் இரண்டு பேராகத்தானே நின்றார்கள்!

ஜெபிப்போம்:

அன்பின் பரலோகப் பிதாவே, பார்வோனுக்குப் பயப்படாமல் உமக்குப் பயந்த அந்தப் பெண்களுக்காக ஸ்தோத்திரம். எங்கள் பயத்தை நீர் அறிவீர், அப்பா. எங்கள் வேலை, எங்கள் பிள்ளைகள், எங்கள் பேர் எல்லாவற்றையும் உம்முடைய கரத்தில் வைக்கிறோம். தீமைக்கு எங்கள் கை உதவாதபடி காத்துக்கொள்ளும். தீமை செய்தவனையும் மன்னிக்கிற இருதயத்தைத் தாரும். நீர் எங்களைத் தப்புவித்தாலும், தப்புவிக்காமற்போனாலும், உமக்கு உண்மையாயிருக்கப் பெலன் தாரும். எங்கள் வீடுகளிலும் சபையிலும் எழுப்புதலைத் துவங்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே. ஆமென்.