தேய்மானம்

தோல் சீட்டைத் துடைக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் மணலை உறிஞ்சி எடுக்க வேண்டும். மணலோடு தேய்த்தால் கீறல் விழும். அப்புறம் மென்மையான சோப்பு நுரை, நன்றாகப் பிழிந்த துணி. தின்னர் பக்கமே போகக் கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும். கடைசியில் க்ரீம். விழுப்புரத்தில் இத்தனையும் செய்து முடித்த பையன், "தலை எண்ணெய், வியர்வை, ஜீன்ஸ் சாயம்... இதுங்கதான் சார் எதிரி" என்றான்.

கவனித்தீர்களா? மூன்றுமே மனுஷனோடு வருபவை!

திண்டிவனத்துக்குக் கிளம்பினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் மழை. கூட்டேரிப்பட்டில் ஒரு வயதான அம்மா, பேத்தியோடு நனைந்துகொண்டே கை காட்டினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, காலில் இருந்த சேற்றை. நூறு அடி தள்ளிப்போய்த்தான் பிரேக் போட்டேன்.

ஏறியவர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"நல்லா சாஞ்சு உட்காருங்கம்மா."

"வேணாம் தம்பி, சீட்டு ஈரமாயிடும்."

திண்டிவனம் வரை சாயவே இல்லை. அந்த நூறு அடியிலேயே என்னைப் படித்துவிட்டார்.

நான் பி.காம். படித்தவன். பயன்படும் பொருள் தேயும். அந்தத் தேய்மானத்தை எழுதக் கணக்குப் புத்தகத்தில் இடம் உண்டு. ஒரு மனுஷி கூனிக் குறுகி உட்கார்ந்ததை எங்கே எழுதுவது?

தோலின் கதையிலும் இதே கோளாறுதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிட்ட கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழானதாக ஒரு கணக்கெடுப்பு சொன்னது. முதலாளிகளின் புத்தகத்தில் அது செலவாக ஏறவே இல்லை. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம்தான், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று அந்தச் செலவை எழுத வைத்தது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் போட்டது.

பொருளைப் பேணுவது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்காகப் பேணுகிறோம்? விருந்தாளி வந்தாலும் பிளாஸ்டிக் உறையை உரிக்காத சோபா உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

மறுநாள் பார்த்தேன். சீட்டின் நுனியில் மட்டும் கொஞ்சம் சேறு. ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டே நிமிஷத்தில் போய்விட்டது.