அஞ்சிய உயிரும் அருளும்

அடிபட்டு, சொறி பற்றி, எலும்பும் தோலுமாய்த் தெருவில் கிடந்த நாயை இல்லத்திற்குக் கொணர்ந்து பேணுவோர் தில்லியிலும் மும்பையிலும் நம்மிடையே உளர். அவர்தம் செயல் ஒரு வினாவை எழுப்புகின்றது: அருள் என்பது கடமையா?

விலங்கை வதைப்பது குற்றம் என்கிறது 1960ஆம் ஆண்டுச் சட்டம். 1976இல் அரசியலமைப்பில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளுள் உயிர்களிடத்துப் பரிவும் அடங்கும். ஆயினும், வதையாதே என ஆணையிடலாம். காத்திரு என ஆணையிட இயலுமோ?

அடியுண்ட நாய்க்கு நீட்டிய கையும் ஓங்கிய கையே. நம் நெஞ்சின் அன்பை அது அறியாது. பட்டினியால் நலிந்த உயிருக்கு ஒரே வேளையில் வயிறு நிறைய இடுவது தீங்கு. சிறிது சிறிதாகவே ஊட்டல் வேண்டும். அன்பும் அவ்வாறே. சொறி ஆற வாரங்கள் ஆகும். அச்சம் ஆற அதனினும் நீளும். கட்டிலடியில் ஒடுங்கியதை இழுத்துத் தழுவாமல், அது தானே வரும்வரை எட்ட அமர்ந்திருத்தலும் ஈகையே.

தேறியபின் அதனை நிலையான வேறோர் இல்லத்தில் ஒப்படைக்க நேர்வதுண்டு. அதுவே கடுஞ்சோதனை. உரிமை கொண்டாடாது விடைகொடுப்பவர், தம் மகிழ்வினும் அவ்வுயிரின் நலத்தை முன்வைக்கின்றார். அறியா ஊரில் தயங்கி நின்று, பிறர் பொறுமையால் வேரூன்றிய நாம் இதன் அருமையை உணர்வோம். ஆதலின் கடமை தொடக்கமே. அது முடியுமிடத்தும் பொறுமையாய்த் தொடர்வதே அருள் என்போம்.